பனிக்கடலில் சீலுக்குக் குளிராதா?

மார்கழி விடியற்காலையில் தில்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் கருங்கல் தரையைத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்ததுமே குளிர் உள்ளங்காலைக் கவ்விக்கொள்ளும். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் குல்லாய் எல்லாம் இருந்தாலும் பத்து நிமிடத்தில் கால்விரல்கள் மரத்துவிடும். போன ஜனவரியில் அப்படி ஒரு காலையில், சுடச்சுட இருந்த பொங்கல் தொன்னையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்ற என் அக்கா மகள் திடீரென்று கேட்டாள்: "சித்தி, நேத்து டிவியில பார்த்தோமே, அந்த சீல் ஐஸ் மேலேயே வயித்தை வெச்சுப் படுத்துக்கிட்டு இருந்துச்சே. அதுக்குக் குளிராதா?"

அவளுக்குப் பத்து வயது. நல்ல கேள்வி. "அதுக்கு உடம்பெல்லாம் கொழுப்பு" என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் கால்வாசி பதில்தான். சீலின் உடம்பு சூட்டைக் கையாளும் விதம் எனக்குப் பல வருடமாக வியப்பூட்டும் விஷயம். அதனால் அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் சமையலறையில் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். சீலைத் தமிழில் கடல்நாய் என்று எழுதுகிறார்கள். சிலர் நீர்நாய் என்றும் எழுதிவிடுகிறார்கள். அது வேறு பிராணி. நீர்நாய் நம் காவிரியில் மீன் பிடித்துத் தின்று வாழ்வது. குழப்பம் வேண்டாம் என்று நான் சீல் என்றே எழுதுகிறேன். ஆனால் கடல்நாய் என்ற பெயரும் ஒன்றும் பொருத்தமில்லாதது அல்ல. ஊனுண்ணிகளில் பூனை வகை ஒரு கிளை, நாய் வகை இன்னொரு கிளை. சீல்கள் நாய்க் கிளையில் வருகின்றன, கரடிக்கும், மேலே சொன்ன நீர்நாயின் குடும்பத்துக்கும் உறவு. தரையில் நடந்த மூதாதைகளிடமிருந்து வந்தவை. கனடாவின் வடகோடியில் டெவன் தீவில் 2007-இல் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்குத் துடுப்பு கிடையாது, விரலிடைச் சவ்வு கொண்ட நாலு கால்கள்தான். இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய அந்தப் பிராணிக்குப் புயிஜிலா என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைக்கு இருப்பவை முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள், மூன்று குடும்பங்கள். வெளிக்காது இல்லாமல், தரையில் புழுப்போல நெளிந்து போகும் உண்மைச் சீல்கள் ஒன்று. சின்னக் காதுமடல் உள்ள கடல் சிங்கங்களும் ரோமச் சீல்களும் இரண்டாவது. இவை பின்துடுப்பை முன்னால் மடக்கித் தரையில் நடக்கும். வேடிக்கைக் காட்சிகளில் மூக்கில் பந்தை நிறுத்துவது பெரும்பாலும் கடல் சிங்கம்தான். மூன்றாவது குடும்பத்தில் நீண்ட தந்தம் கொண்ட வால்ரஸ் மட்டும்.

கல் தரையும் கடல் தண்ணீரும்

கோயில் தரையிலிருந்தே தொடங்கலாம். கருங்கல்லும், அதன் மேல் விரித்திருக்கும் சணல் விரிப்பும் இரவு முழுக்க ஒரே குளிரில் கிடந்தவை. தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே அளவுதான் காட்டும். ஆனால் விரிப்பில் நின்றால் தாங்க முடிகிறது, கல்லில் முடியவில்லை. காரணம், கல் நம் காலிலிருந்து சூட்டை வேகமாக வாங்கிக்கொண்டே போகிறது. விரிப்பு மெதுவாக வாங்குகிறது. குளிர் என்று நாம் உணர்வது பெரும்பாலும் நம் சூடு எவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போகிறது என்பதைத்தான்.

தண்ணீர் இந்த விஷயத்தில் கல்லின் கட்சி. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இருபது டிகிரிக் காற்றில் அரைக்கைச் சட்டையோடு உலாவலாம். இருபது டிகிரித் தண்ணீரை ஒரு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டால் மூச்சு முட்டும். துருவக் கடல் தண்ணீரோ பூஜ்யத்துக்கும் கீழே. உப்பு இருப்பதால் அது மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாமல் இருக்கும். அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சீலின் உள்ளுடம்பு நம்முடையதைப் போலவே 37 டிகிரி அளவில் இருக்கிறது. வித்தியாசம் 39 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. நாம் அதில் விழுந்தால் சில நிமிடத்தில் கைகால் இயங்காது, சீக்கிரமே உயிருக்கு ஆபத்து. சீல் அங்கேயே வேட்டையாடி, தூங்கி, வாழ்நாளைக் கழிக்கிறது.

அதே கடலில் மீன்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மீன் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதில்லை, கடல் எவ்வளவு குளிரோ அதுவும் அவ்வளவு குளிர். அன்டார்க்டிக் மீன்கள் சிலவற்றின் ரத்தத்தில் பனிப்படிகம் வளராமல் தடுக்கும் புரதமே உண்டு. சீல் பாலூட்டி. அதன் மூளையும் இதயமும் சூடாகத்தான் வேலை செய்யும். ஆகவே அது சூட்டைக் காப்பாற்றியே தீர வேண்டும்.

உடம்பின் வடிவத்திலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. நம் வீட்டில் காபி ஆற வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றுகிறோம். அதே காபிதான், ஆனால் பரந்து விரிந்ததும் வெளிப்பரப்பு கூடிச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. நீண்ட கை, கால், விரல், காதுமடல் எல்லாமே டபரா மாதிரி, சூட்டை வெளியே விடும் பரப்பு. சீல் அவற்றையெல்லாம் சுருக்கிக்கொண்டது. உண்மைச் சீலுக்குக் காதுமடலே இல்லை, ஒரு துளைதான். கைகால் எலும்புகள் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே அடங்கி, துடுப்பு மட்டும் வெளியே தெரிகிறது. அளவும் பெரிது. ஒரு டம்ளர் ரசம் ஆறிய பிறகும் குண்டான் ரசம் சூடாக இருப்பதைப் போல, பெரிய உடம்பு மெதுவாகத்தான் ஆறும். தென்கடல் யானைச் சீல் ஆண் 3,500 கிலோவையும் தாண்டும்.

ரஜாயும் டால்டாவும்

தில்லிக்கு வந்த புதிதில் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் வாங்கும் முதல் பொருள் ரஜாய். கனமான பஞ்சு மெத்தையைப் போர்த்திக்கொள்வது போல இருக்கும். ரஜாய் தானாகச் சூடு தருவதில்லை. படுத்த புதிதில் ஜில்லென்று இருக்கும், கால் மணி நேரம் கழித்துத்தான் இதமாகும். நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது அதற்குள் இருக்கும் பஞ்சைவிட, பஞ்சின் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று. அதனால்தான் பழைய ரஜாய் அமுங்கிக் கட்டியானால் குளிர் காலத்துக்கு முன்னால் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து உதறி வாங்குகிறோம். திரும்பக் காற்று ஏறுகிறது, திரும்ப ரஜாய் வேலை செய்கிறது.

ரோமச் சீலின் வழி இதுதான். வட பசிபிக்கின் ரோமச் சீலுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில், அதாவது நம் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், 40,000-க்கும் மேல் முடிகள். நம் தலை முழுவதிலுமே சுமார் ஒரு லட்சம்தான். மேலே முரட்டு முடி, கீழே பஞ்சு போன்ற மெல்லிய முடி. தண்ணீர் தோலைத் தொடாது, நடுவில் காற்று நிற்கும்.

ஆனால் காற்றுப் போர்வைக்கு ஒரு குறை உண்டு. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், சிக்கியிருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். இன்னும் ஆழம் போகப் போக ரஜாய் அப்பளமாகிவிடும். ஆழ்கடலில் மூழ்கிப் பழகிய உண்மைச் சீல்களுக்கு அதனால் முடியை நம்ப முடியாது. அவற்றின் குட்டையான முடி தண்ணீரில் நனைந்தே இருக்கும். அவை நம்புவது தோலடிக் கொழுப்பை. ஆழம் எவ்வளவு போனாலும் கொழுப்பு அமுங்காது.

இதைச் சொன்னபோது அக்கா மகள் நம்பவில்லை. "கொழுப்பு எப்படி ஸ்வெட்டர் ஆகும்?" என்றாள். சரி, செய்தே பார்க்கலாம் என்று அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்தோம். அரைக் கிலோ டால்டா வாங்கி வந்தோம். குளிரில் அது கல்லாக இருந்தது, கொஞ்சம் வெயிலில் வைத்து இளக்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதற்குள் இன்னொரு பையை நுழைத்து, இரண்டு பைக்கும் நடுவே டால்டா ஒரே சீராகப் பரவும்படி வெளியிலிருந்து அமுக்கிவிட்டாள். கை நுழைக்க ஒரு கொழுப்புக் கையுறை தயார். வாளியில் தண்ணீர், ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு தட்டு ஐஸ்கட்டி. முதலில் வெறும் கையை விட்டாள். இருபத்தேழு எண்ணுவதற்குள் வெளியே எடுத்துத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டாள். அப்புறம் டால்டாக் கை. ஏழாம் வாய்ப்பாடு முழுவதும் சொன்னாள், எட்டாம் வாய்ப்பாடும் சொன்னாள், கையை எடுக்கவில்லை. "உள்ள ஜில்லுனு கூட இல்ல சித்தி."

கையை வெளியே எடுத்தபோதுதான் அவள் முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மற்றக் கையால் பையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து, "இங்க ஐஸ் மாதிரி இருக்கு. உள்ள கை சூடா இருக்கு" என்றாள்.

அவளது முதல் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. சீலின் தோல் சூடாக இல்லை. குளிர்ந்த தண்ணீரில் அதன் மேல்தோல், சுற்றியுள்ள தண்ணீரைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். உள்ளே போகப் போக, கொழுப்பு அடுக்கின் தடிமன் நெடுக, சூடு ஏறிக்கொண்டே வந்து தசையை எட்டும்போது 37-ஐ நெருங்கிவிடும். ஐந்து, பத்து சென்டிமீட்டருக்குள் துருவக் கடலிலிருந்து நம் ஊர்ச் சித்திரை வரைக்கும் ஒரு பயணம். வெளிப்புறம் தண்ணீருக்குச் சமமாகக் குளிர்ந்துவிட்டால் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போக அங்கே சூடு மிச்சமில்லை. முதுகில் விழுந்த பனித்துகள் உருகாமல் அப்படியே கிடக்க, அன்டார்க்டிகாவின் வெட்டெல் சீல் நிம்மதியாகத் தூங்குவதைப் படங்களில் பார்க்கலாம். அந்தப் பனித்துகள்தான் சாட்சி. சூடு வெளியே கசியவில்லை.

இங்கே இன்னொரு சிக்கல் வருகிறது. தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். டிசம்பர் வந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்துவிடும். தலை வாருவதற்கு முன்னால் பாட்டிலை பால்கனி வெயிலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி விட்டுக் கிளற வேண்டும். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. கடுகெண்ணெயும் உறையாது. எல்லாம் கொழுப்புதான், ஆனால் அதில் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு வேறு வகை. செறிவுற்றவை அதிகம் இருந்தால் சீக்கிரம் கட்டியாகும், செறிவுறாதவை அதிகம் இருந்தால் குளிரிலும் இளகி நிற்கும். சீலின் தோலை ஒட்டிய வெளிக்கொழுப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது. அது தேங்காய் எண்ணெய் போல உறைந்தால் சீல் ஒரு கட்டையைப் போல விறைத்துவிடும், வளைந்து நீந்த முடியாது. ஆகவே வெளி அடுக்கில் செறிவுறாத கொழுப்பு அதிகம், சூடான உள் அடுக்கில் வேறு கலவை. ஒரே கொழுப்புப் படலத்துக்குள் வெளியே நல்லெண்ணெய், உள்ளே தேங்காய் எண்ணெய் என்று அடுக்கி வைத்தாற்போல. இதைப் படித்த நாளிலிருந்து உறைந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சீல் ஞாபகம்தான்.

டால்டாவுக்கும் சீல் கொழுப்புக்கும் வித்தியாசமும் சொல்ல வேண்டும். சீலினுடையது உயிருள்ள திசு. அதற்குள் கொலாஜன் நார்கள் பின்னியிருக்கின்றன, ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அது மிதக்க உதவுகிறது, உடம்புக்கு வழுக்கிக்கொண்டு போகும் வடிவத்தைத் தருகிறது, பட்டினி காலத்துக்குச் சோறும் போடுகிறது. யானைச் சீல் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மூன்று மாதம் வரை கரையில் ஒன்றுமே தின்னாமல் இருக்கும். அந்தக் கொழுப்புக்காகவே 19-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் அவற்றைக் கொன்று, கொழுப்பை உருக்கி விளக்கு எரிக்கும் எண்ணெயாக்கினார்கள். வட பசிபிக்கின் யானைச் சீல்களில் கடைசியில் நூறு கூட மிஞ்சியிருக்காது என்று கணிக்கிறார்கள். மெக்சிகோவின் குவாடலூப் தீவில் ஒரு சின்னக் கூட்டம் தப்பியது. இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிப் பெருகியிருப்பவை அதன் வாரிசுகள்.

சால்வை வெளியே போவதில்லை

துடுப்புகளில் கொழுப்பு அதிகம் இல்லை. மெல்லியதாக இருந்தால்தான் நீந்த முடியும். அப்படியானால் அந்த வழியாகச் சூடு வடிந்துவிடாதா? இதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் படுவது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் கடுங்குளிர். உள்ளேயிருந்து சால்வை போர்த்திய ஒருவர் வெளியே போகிறார், வெளியேயிருந்து நடுங்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வருகிறார். நடையில் இருவரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போகும்போது, போகிறவர் தன் சால்வையைக் கழற்றி வருகிறவர் மேல் போர்த்திவிடுகிறார். ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் சால்வை வாசலைத் தாண்டுவதே இல்லை.

துடுப்பில் ரத்தம் இப்படித்தான் போய்வருகிறது. இதயத்திலிருந்து சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, துடுப்பு நுனியிலிருந்து குளிர்ந்த ரத்தம் கொண்டுபோகும் சிரைகள் ஒட்டிப் படர்ந்திருக்கின்றன. எதிரெதிர்த் திசையில் ஓடும்போதே தமனியின் சூடு சிரைக்கு மாறிவிடுகிறது. நுனிக்குப் போய்ச் சேரும் ரத்தம் ஏற்கெனவே குளிர்ந்தது, தண்ணீரிடம் இழக்க அதில் அதிகம் இல்லை. உள்ளே திரும்பும் ரத்தம் ஏற்கெனவே சூடேறியது, இதயத்தைக் குளிரவைக்காது. எதிரோட்டச் சூட்டுப் பரிமாற்றம் என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள். சால்வை என்று நினைத்துக்கொண்டால் போதும்.

கோயில் தரையில் நம் கால்விரல் மரப்பதும் இதன் சின்னத் தம்பிதான். உடம்பின் நடுவைக் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கிவிடுகிறது. நமக்கு அது அவசர ஏற்பாடு, நீடித்தால் விரலுக்கே ஆபத்து. சீலுக்கு அது அன்றாட வழக்கம். குழாயைத் திறப்பதும் மூடுவதும் போல, தோலுக்கும் துடுப்புக்கும் எவ்வளவு ரத்தம் என்று அது நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக் குறைக்கிறது.

திறப்பதும் மூடுவதைப் போலவே முக்கியம். இவ்வளவு கனமான கொழுப்பைப் போர்த்திக்கொண்டு வெயிலில் படுத்தால் என்ன ஆகும்? ரஜாயைப் போர்த்திக்கொண்டு மே மாத மத்தியானத்தில் உட்கார்ந்த கதை. சூட்டை வெளியேற்றவும் வழி வேண்டும். கரையில் படுத்திருக்கும் சீலை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் உடம்பெங்கும் குளிர்ச்சியாக இருக்க, அங்கங்கே திட்டுத்திட்டாகச் சூடு தெரியும். கொழுப்பின் ஊடாக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி ஜன்னல் திறப்பது போல அந்த இடங்களைத் திறந்திருக்கிறது. ரோமச் சீல்கள் முடியில்லாத துடுப்பைத் தூக்கி விசிறுகின்றன. கலிஃபோர்னியக் கரையில் யானைச் சீல்கள் துடுப்பால் ஈர மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்கின்றன. இன்னொன்றும் உண்டு: துடுப்பிலும் தோலிலும் குளிர்ந்த ரத்தத்தில் ஒரு பகுதியை நேராகக் கருப்பைப் பக்கம் கொண்டுபோகும் சிரைகள். வயிற்றில் இருக்கும் குட்டிக்கு அதிகச் சூடு ஆகாது.

வருடத்துக்கு ஒரு முறை இந்தக் கணக்கு முழுவதும் மாறும். பழைய முடி உதிர்ந்து புதியது முளைக்க, தோலுக்கு நிறைய ரத்தம் வேண்டும். குளிர் தண்ணீரில் கிடந்துகொண்டு அதைச் செய்தால் சூடெல்லாம் போய்விடும். ஆகவே அந்த நாட்களில் சீல்கள் அதிக நேரம் தண்ணீருக்கு வெளியே கிடக்கும். யானைச் சீலுக்கு முடியோடு மேல்தோலும் சேர்ந்து துண்டு துண்டாக உரியும். சுமார் ஒரு மாதம், கரையிலேயே, பட்டினியாக.

தோல் முழுவதும் குளிர்ந்திருக்கும்போதும் ஓர் இடத்துக்கு மட்டும் ரத்தத்தைக் குறைப்பதில்லை. அது மீசை. இருட்டுத் தண்ணீரில் மீன் நீந்திப் போன தடத்தின் சுழிப்பை மீசையால் தொட்டே சீல் பின்தொடரும். நம் விரல் மரத்தால் சட்டைப் பொத்தான் போட முடியாது. மீசை மரத்தால் சீலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அதனால் மீசையின் வேர்கள் எப்போதும் சூடாகவே இருக்கின்றன.

மூக்கும் சிக்கனம் பார்க்கிறது. தில்லிக் குளிரில் நம் வாயிலிருந்து ஆவி பறக்கிறதே, அது சூடும் ஈரமும் சேர்ந்து போவது. சீலின் மூக்குக்குள் சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புகள் இருக்கின்றன. வெளியே போகும் மூச்சு அந்தக் குளிர்ந்த மடிப்புகளில் சூட்டையும் ஈரத்தையும் விட்டுவிட்டுப் போகிறது, உள்ளே வரும் மூச்சு அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. திரும்பவும் சால்வைதான்.

மூச்சை விட்டுவிட்டு மூழ்குவது

நாம் குளத்தில் முங்குவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்போம். சீல் மூச்சை வெளியே விட்டுவிட்டு மூழ்குகிறது. அதன் பிராணவாயு இருப்பது நுரையீரலில் இல்லை. ரத்தத்திலும் தசையிலும்தான். உடல் எடைக்குப் பார்த்தால் வெட்டெல் சீலுக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு ரத்தம். தசையில் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் நம்முடையதைவிடப் பல மடங்கு. இறைச்சியே கருப்பாகத் தெரியும். நுரையீரல் ஆழத்தில் அப்படியே அமுங்கிவிடுவதால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து தொல்லை தருவதும் குறைகிறது.

மூழ்கியதும் இதயத் துடிப்பு இறங்கும். மேலே நூறை ஒட்டி இருந்தது பத்தாகவும், சில சமயம் அதற்கும் கீழேயும் போகும். தோலுக்கும் துடுப்புக்கும் குடலுக்கும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை. குளிருக்காக மூடும் அதே குழாய்கள்தான் இங்கேயும் மூடுகின்றன. ஒரே ஏற்பாடு இரண்டு வேலைக்கும் பயன்படுகிறது. இதை ஆராய்ந்து 1940-இல் வெளியிட்டவர் நார்வேயில் வளர்ந்த பெர் ஷோலாண்டர். 1960-களில் அன்டார்க்டிகாவின் மக்மர்டோ பகுதியில் ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்கர், வெட்டெல் சீல் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார். அதற்குள் இருந்தது சமையலறையில் மணியடிக்க வைக்கும் டைமர். அது சுழல, புகை படிந்த கண்ணாடி வட்டில் ஊசி கோடு கிழித்து ஆழத்தைப் பதிந்தது. மற்ற துவாரம் எதுவும் இல்லாத இடத்தில் பனியில் ஒரு துளை போட்டு அங்கே சீலை விட்டால், மூச்சு விட அது அந்தத் துளைக்கே திரும்பி வந்தாக வேண்டும், கருவியும் கூடவே வந்துவிடும். 600 மீட்டர் வரை போவது அப்படித்தான் தெரியவந்தது. இன்றைய கருவிகள் யானைச் சீல் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்குவதைப் பதிவு செய்திருக்கின்றன.

வெட்டெல் சீல்தான் பாலூட்டிகளில் மிகத் தெற்கே இயற்கையாக வாழ்வது. கடலுக்கு மேலே பனி கூரை போட்டுவிடுவதால், மூச்சுத் துவாரம் மூடிக்கொள்ளாமல் முன்பற்களால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வயதாக ஆகப் பல் தேய்ந்துபோகும். பல் போனால் துவாரம் மூடும். அன்டார்க்டிகாவில் நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கும் லார்ஸ்மன் குன்றுகளின் கரையோரப் பனியிலும் இந்தச் சீல்கள் படுத்துக் கிடக்கும். இந்தியக் கடற்கரையில் சீல் குடியிருப்பதில்லை. நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியா கடற்புல் மேயும் வேறு குலம், வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்கு ஆகும்.

குட்டியின் முதல் நாட்கள்

இவ்வளவு ஏற்பாடும் வளர்ந்த சீலுக்கு. பிறக்கும் குட்டி 37 டிகிரியிலிருந்து நேராகப் பனிக்கட்டியின் மேல் விழுகிறது, ஈரத்தோடு. பல இனங்களில் அதற்கு அப்போது தோலடிக் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். பஞ்சு போன்ற வெள்ளை முடி உண்டு, அது காய்ந்த பிறகுதான் பயன் தரும். ஹார்ப் சீல் குட்டிக்கு முதல் நாட்களில் கைகொடுப்பது பழுப்புக் கொழுப்பு. அது எரிந்து சூடு தரும் தனி வகைக் கொழுப்பு, நம் கைக்குழந்தைகளுக்கும் உண்டு.

அப்புறம் பால். தில்லியில் நாம் வாங்கும் ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம், ஆடை திரளும். வட அட்லாண்டிக்கின் ஹூடட் சீல் தாயின் பாலில் ஏறத்தாழ 60 சதவீதம். உருக்கிய வெண்ணெயைக் குடிப்பது போல. நாலே நாள்தான் பால் கொடுக்கும், பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த காலம் இது. அதற்குள் குட்டி ஏறத்தாழ இரண்டு மடங்கு எடையாகிவிடும். மிதக்கும் பனிக்கட்டி எப்போது உடையும் என்று தெரியாத இடத்தில் அவசரம் அவசரமாகக் குட்டிக்குச் சட்டை தைத்துப் போடுகிறாள் தாய். அந்த நாட்களில் அவள் எதுவும் தின்பதில்லை, தன் கொழுப்பையே பாலாக்கித் தருகிறாள். அக்கா மகள் இந்த இடத்தில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

ஆர்க்டிக்கில் வாழும் வளையச் சீலுக்கு, தோலில் வளையம் வளையமாகக் கோலம் இருப்பதால் அந்தப் பெயர், இன்னொரு வழி. முன்துடுப்பின் வலுவான நகங்களால் பனியில் துவாரம் வைத்து, அதற்கு மேலே குவிந்த பனித்துகளுக்குள் ஓர் அறை குடையும். மார்ச், ஏப்ரலில் குட்டி அங்கே பிறக்கும். எடை நாலரை கிலோ அளவுதான், அத்தனை சின்ன உடம்பு டபராக் காபி போல ஆறும். பனிக் கூரைக்குக் கீழே காற்று அடிக்காது, வெளியைவிடப் பல டிகிரி இதமாக இருக்கும், பனிக்கரடி கண்ணிலும் சுலபத்தில் படாது. குட்டிக்குக் கொழுப்பு ஏறும் வரை அந்த அறைதான் அதன் ரஜாய்.

ஆர்க்டிக் சூடாகிவருவது இந்த அறையைத்தான் முதலில் தொடுகிறது. கூரை நிற்கப் போதிய பனி விழ வேண்டும். கடல் தாமதமாக உறைந்தால் அதன் மேல் சேரும் பனியும் குறைவு. வசந்தம் முந்திக்கொண்டு மழை பெய்தால் கூரை இடிந்து விழும். அமெரிக்கா 2012-இல் ஆர்க்டிக் வளையச் சீலை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்ததற்கு இந்தப் பனிக்குறைவு முக்கியக் காரணம். கூரை போன குட்டியின் மேல் மழை விழுந்தால் அந்த வெள்ளை முடி நனைந்துவிடும். நனைந்த ரஜாய். அடியில் கொழுப்பு இன்னும் சேரவில்லை.

"அப்ப அந்தக் குட்டிக்குக் குளிருமா சித்தி?"

குளிரும் என்றேன்.